பின்பலகையில் தொங்கும் பிழைப்பு

பாய் விரித்து ஓடிய காலத்தில் வள்ளத்தின் பின்முனைக்கு அவ்வளவு சுமை இல்லை. எஞ்சின் வந்த பிறகோ படகின் ஆயுளை அதுதான் தீர்மானிக்கிறது. துறைமுகம் இல்லாத பொழியூர் போன்ற கரைகளில் பழைய படகின் பின்பகுதியைப் பலப்படுத்துவது தச்சு வேலை மட்டுமல்ல. அது உயிர் காக்கும் வேலை.

கரையேறும் படகுக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். எஞ்சின் பிடிப்பவர் அலை முறியும் இடத்துக்கு வெளியே காத்திருக்கிறார். பெரிய அலைகள் வரிசையாகக் கடந்ததும் கைப்பிடியைத் திருகி, முழு வேகத்தில் ஒரு அலையின் முதுகில் ஏறி வருகிறார். தண்ணீர் முழங்கால் அளவுக்குக் குறைவதற்குள் எஞ்சினைத் தூக்கி மடக்கிவிட வேண்டும். ஒரு கணம் முந்தினால் வேகம் செத்து, படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பிக் கவிழும். ஒரு கணம் பிந்தினால் எஞ்சினின் விசிறி மணலைக் குத்தும். அணியம் மணலில் உரசி நிற்கிற அதே வேளையில் அடுத்த அலை பின்னால் வந்து அறைகிறது.

இந்தச் சில விநாடிகளில் அத்தனை விசையையும் தாங்குவது ஒன்றரை அங்குல கனமுள்ள ஒரு பலகை. எஞ்சின் மாட்டப்படும் பின்பலகை. படகிலேயே கடுமையாக உழைக்கும் பாகம் அது. வலையும் எஞ்சினும் அடிக்கடி சோதித்துப் பார்க்கப்படுகின்றன. பின்பலகைக்கோ பெரும்பாலும் பெயிண்ட் அடிப்பதோடு கவனிப்பு முடிந்துவிடுகிறது.

பொழியூர் கேரளத்தின் தென்கோடி மீனவக் கிராமங்களில் ஒன்று. நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்தது. வடக்கே பூவாறில் நெய்யாறு கடலில் கலக்கிறது. தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் நீரோடி. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது போடப்பட்ட கோடு இது. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சுக்கும், உறவுமுறைக்கும், மாதா கோயில் திருவிழாவுக்கும் அந்தக் கோடு தெரியாது. அலைக்கும் தெரியாது. பூவாறிலிருந்து தேங்காப்பட்டணம் பக்கம் வரை ஒரே கரை, ஒரே கடல், ஒரே மாதிரியான படகுகள். அவற்றில் வரும் பழுதுகளும் ஒன்றுதான்.

கயிறு கட்டிய காலம்

பழைய படகுகளில் இந்தப் பிரச்சினையே இல்லை. காரணம், அவற்றில் பின்பலகையே கிடையாது. கட்டுமரம் என்பது பெயரிலேயே சொல்கிற மாதிரி சில மரங்களைக் கயிற்றால் கட்டியது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப்போடலாம். ஊறிய மரம் கனக்கும் என்பதால் அது தேவையாகவும் இருந்தது. வள்ளமோ இரண்டு பக்கமும் கூர்ந்த முனை கொண்டது. பலகைகளைக் கயிற்றுக் கயிறால் தைத்து, இடுக்கை அடைத்து, மீன் எண்ணெயோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பூசிக் கடலில் இறக்கினார்கள்.

பாய் ஓடும்போது காற்றின் விசை பாய்மரத்தின் அடியில் விழும். பின்புறத்தில் இருந்தது திசை திருப்பும் துடுப்பு மட்டும். அதைக் கயிற்றில் கோத்து மனிதன் கையால் பிடித்தான். பெரிய அலை அடித்தால் கயிறு கொஞ்சம் இளகும், கை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மரம் அடி வாங்காது. தூத்துக்குடித் தோணி போன்ற பெரிய பாய்க்கப்பல்களில்தான் பின்புறம் கொக்கியும் வளையமும் வைத்துச் சுக்கானைத் தொங்கவிட்டார்கள். அந்தக் கொக்கி பாய்ந்த இடத்துக்குத் தனியாகக் கனத்த மரமும் வைத்தார்கள்.

இந்தக் கரையின் படகுகளுக்கு எஞ்சின் பொருத்தும் யோசனை 1950களிலேயே வந்துவிட்டது. 1952-இல் ஒப்பந்தமாகி, அடுத்த ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம் உள்ளூர் வள்ளங்களுக்கு எஞ்சின் வைத்துப் பார்த்தது. அலையில் ஏறி மணலில் இறங்கும் வள்ளத்துக்கு அது ஒத்துவரவில்லை. திட்டம் துறைமுகத்தில் நிற்கும் புதிய வகைப் படகுகளின் பக்கம் திரும்பியது. கரையில் இறங்கும் வள்ளக்காரர்கள் இன்னும் முப்பது ஆண்டுகள் பாயையும் துடுப்பையும் நம்பியே இருந்தார்கள்.

1980களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. தூக்கி மாட்டக்கூடிய வெளிப்புற எஞ்சின்கள் வந்தன. ட்ராலர்களோடு போட்டி போட முடியாமல் தவித்தவர்களுக்கு அது வரமாகத் தெரிந்தது. ஆனால் கூர்ந்த முனை உள்ள வள்ளத்தில் எஞ்சினை எங்கே மாட்டுவது? பலர் பின்புறம் விலாவில் ஒரு குறுக்குக் கட்டையைப் பிணைத்து, அதில் பக்கவாட்டில் தொங்கவிட்டார்கள். எஞ்சின் ஒரு பக்கமாகத் தள்ள, வள்ளம் ஒரு பக்கமாக இழுக்க, தையல் தளர்ந்தது. பாய்க்காகப் பிறந்த படகின் பின்புறம் எஞ்சினின் அதிர்வைத் தாங்க முடியாமல் பிளந்தது.

முட்டம் காட்டிய வழி

தீர்வு பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்தது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் கில்லே என்பவரும் அவரோடு சேர்ந்த கைவினைஞர்களும் பிளைவுட்டில் சிறிய படகு கட்டும் முயற்சியில் இறங்கினார்கள். பிரிட்டனின் இடைநிலைத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழு துணை நின்றது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு (சிப்ஸ்) இந்தப் படகுகளைக் கரையெங்கும் கொண்டுசென்றது. அந்த முயற்சியில் பட்ட பாடுகளைக் கில்லே 1985-இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாகவே எழுதினார். சிறியது என்பது சுலபமல்ல என்பதே அதன் தலைப்பின் பொருள்.

முறை எளிமையானது. கடல் பிளைவுட் தகடுகளை அளவுக்கு வெட்டி, விளிம்புகளில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து இழுத்தால் படகின் உருவம் வந்துவிடும். பிறகு இணைப்புகளின் மேல் கண்ணாடி இழையும் ரெசினும் போர்த்தி இறுக வைப்பார்கள். பழைய வள்ளத்தைக் கயிற்றால் தைத்தவர்களின் பேரன்களுக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. பெருமரங்கள் கிடைக்காமலும் விலை ஏறியும் போன காலத்தில் பிளைவுட் கைகொடுத்தது. எஞ்சின் மாட்டுவதற்கென்றே தட்டையான பின்பலகையும் கிடைத்தது.

கட்டுமரத்திலும் கூர்முனை வள்ளத்திலும் இல்லாத ஒரு பாகம் அங்கே புதிதாகப் பிறந்தது. கூடவே கயிறு போய் போல்ட்டு வந்தது. கயிறு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம். போல்ட்டு அப்படியல்ல. அது விட்டுக்கொடுக்காது, தான் இருக்கும் துளையைப் பெரிதாக்கும். அந்தச் சேதம் பலகைக்கு உள்ளே நடக்கிறது.

பலகை படும் பாடு

பின்பலகை என்ன தாங்குகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு. பத்துக் குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் 100 கிலோ எடைக்குச் சமமான விசையோடு படகைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினின் விசிறி, பலகையின் மேல் விளிம்பிலிருந்து சுமார் 60 செ.மீ. கீழே இருக்கும். எஞ்சினின் உலோகப் பிடி பலகையைத் தொடும் கீழ்நுனி சுமார் 25 செ.மீ. கீழே இருக்கும். நெம்புகோல் கணக்குப்படி, அந்தக் கீழ்நுனி 240 கிலோ விசையில் பலகையை உள்ளே அழுத்துகிறது. மேலே உள்ள திருகுகள் 140 கிலோ விசையில் பலகையின் விளிம்பைப் பின்னோக்கி இழுக்கின்றன.

இது அமைதியான கடலில், சீரான ஓட்டத்தில். அலையில் ஏறி இறங்கும்போது எஞ்சினின் 30-40 கிலோ எடை துள்ளி விழுகிறது. கரையேறும்போது விசிறியோ அதன் கீழுள்ள தகடோ மணலில் முட்டினால் அந்த அடியும் அதே பலகைக்குத்தான். ஒரு நாளைக்கு ஒருமுறை கடலுக்குப் போய் வந்தாலே வருடத்தில் சில நூறு அடிகள். தாங்கு துறைமுகத்தில் நிற்கும் படகு இந்த அடியை வாங்குவதே இல்லை. பொழியூர் படகும் விழிஞ்ஞம் துறைமுகப் படகும் ஒரே பட்டறையில் ஒரே நாளில் கட்டப்பட்டாலும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை.

அடியால் பலகை உடனே உடைந்துவிடுவதில்லை. துளைகள் மயிரிழை அளவுக்கு விரிகின்றன. அந்த வழியாகத் தண்ணீர் நுழைகிறது. இங்கே பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மரத்துக்குக் கடல்நீரைவிட மழைநீர்தான் ஆபத்து. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு பிடிக்காது. மழைநீர் பிடிக்கும். மரத்தின் ஈரப்பதம் தொடர்ந்து 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடுகிறது. கரையில் அணியம் உயர்ந்து, பின்புறம் தாழ்ந்து கிடக்கும் படகில் இடவப்பாதி மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் இடம் பின்பலகையின் அடிதான்.

பிளைவுட்டின் முகம் கெட்டி. விளிம்பு அப்படியல்ல. வெட்டிய விளிம்பிலும் துளைக்குள்ளும் இழைகளின் வாய் திறந்திருக்கும். அவை திரி எண்ணெய் உறிஞ்சுவதைப்போல நீரை உறிஞ்சும். அதன்மேல் ஃபைபர் போர்த்தியிருந்தால் நிலைமை மோசம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. வெளியே கண்ணாடிபோல மின்னும் பலகை உள்ளே நனைந்த பிஸ்கட்டாக இருக்கும்.

போல்ட்டும் ஏமாற்றும். சாதாரண இரும்பு துருப்பிடித்துப் பருத்து மரத்தைப் பிளக்கும். துருப்பிடிக்காத எஃகுக்கு வேறு பலவீனம். அதன் பளபளப்புக்குக் காற்றில் உள்ள ஆக்சிஜன் தேவை. ஈரமான மரத்துக்குள் காற்று படாமல் அடைபட்டால் அதுவும் அரிக்கும். தலை வெள்ளிபோல மின்ன, கழுத்து பென்சில் முனைபோல மெலிந்திருக்கும்.

தட்டிப் பார்த்தால் தெரியும்

நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் வேண்டாம். மரச்சுத்தியல் போதும். பலகை முழுவதையும் நான்கு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல மரம் கணீரென்று சொல்லும். மக்கிய இடம் தொப்பென்று விழுங்கும். அப்படி விழுங்கிய இடத்தை எல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டால் சேதத்தின் வரைபடம் கிடைத்துவிடும்.

அடுத்து எஞ்சினை மாட்டிய நிலையில் அதன் அடிப்பாகத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். பலகையின் மேல்விளிம்பு கூடவே அசைந்தாலும், போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் கசிந்தாலும் சந்தேகமே வேண்டாம். மிகக் கீழே உள்ள ஒரு போல்ட்டைக் கழற்றினால் இன்னும் தெளிவு. பழுப்புத் தண்ணீரும் புளித்த வாடையும் வந்தால் உள்ளே மக்கல். உள்பக்கத்திலிருந்து சன்னமாகத் துளை போட்டு வரும் தூளைப் பார்ப்பதும் நல்ல சோதனை. வெளிறிய உலர்ந்த தூள் என்றால் நல்ல செய்தி. கறுத்து ஒட்டும் தூள் என்றால் பலகை போய்விட்டது.

கடைசியாக, பின்பலகை பக்கவாட்டுப் பலகையோடு சேரும் இரண்டு மூலைகள். பெயிண்டில் மயிரிழை விரிசல் அங்கே தெரிந்தால், பலகை மட்டுமல்ல, படகின் பெட்டியே ஆடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்மேல் மறுபடி பெயிண்ட் அடிப்பது விரிசலை மறைக்கும். மூடாது.

செத்த பல்லுக்கு உறை

கரையில் அதிகம் காணப்படும் ரிப்பேர் எது? ஆடுகிற பலகைக்கு உள்ளே இன்னொரு பலகையை வைத்து, நீளமான போல்ட்டு போட்டு இறுக்குவது. அரைநாள் வேலை, செலவு குறைவு, மறுநாள் கடலுக்குப் போகலாம். ஆனால் இது செத்த பல்லுக்கு உறை போடுகிற வேலை. மக்கிய மரத்தை இறுக்க இறுக்க அது நசுங்கும், போல்ட்டு மறுபடி தளரும். பழைய பலகையின் ஈரம் புதிய பலகைக்கும் பரவும்.

சரியான முறை மூன்று நிலைகளில் அமைகிறது. துளைகள் மட்டும் விரிந்து, மரம் நன்றாக இருந்தால் போல்ட்டுகளைக் கழற்றி, பலகையைக் காயவிட்டு, துளையை அகலமாகக் குடைய வேண்டும். அந்தக் குழியை மரத்தூளோ நிரப்புப் பொடியோ கலந்த எப்பாக்சியால் அடைத்து, இறுகிய பிறகு நடுவில் புதிய துளை போட வேண்டும். இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது மரமல்ல, கல்போன்ற எப்பாக்சி வளையம். தண்ணீர் நுழைந்தாலும் மரத்தைத் தொடாது.

மரம் நன்றாக இருந்து, பலகை அசைகிறது என்றால் பலம் போதவில்லை. உள்பக்கம் நட்டுக்கு அடியில் சின்ன வாஷருக்குப் பதிலாக அகலமான உலோகத் தகடு வைத்தால் விசை பரவும். அதைவிட முக்கியமானது முட்டுக்கட்டை. பின்பலகையிலிருந்து படகின் அடிப்பலகைக்கு நடுவில் ஒன்றும், இரண்டு மூலைகளிலும் பக்கப்பலகைக்கு ஒவ்வொன்றுமாக முக்கோண வடிவில் அயனி போன்ற உறுதியான மரத்தில் வைக்கலாம். பலகை தனியாக நின்று தாங்கிய விசை அப்போது படகு முழுவதற்கும் பகிரப்படுகிறது. பலப்படுத்துவது என்பது பலகையைக் கனமாக்குவது மட்டுமல்ல. விசை போவதற்கு வழி செய்வதுதான்.

மரம் மக்கியிருந்தால் வேறு வழியில்லை, மாற்ற வேண்டும். வெளித்தோலான ஃபைபரை விட்டுவிட்டு, உள்தோலை வெட்டியெடுத்து, மக்கியதை நல்ல மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். புதிதாக வைக்கும் பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற கடல் பிளைவுட்டாக இருக்க வேண்டும். கொதிநீரிலும் பிரியாத பசையால் ஒட்டப்பட்டது அது. கதவுக்கும் அலமாரிக்கும் வாங்கும் மலிவான பிளைவுட் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒரு மழைக்காலத்தில் இதழ் இதழாகப் பிரிந்துவிடும். தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டும் முன் எல்லா விளிம்புகளையும் ரெசினால் நனைத்து அடைத்துவிட வேண்டும். மூலைகளில் செங்கோணம் விடாமல் பசையால் வளைவாக நிரப்பி, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் படிப்படியாக அகலம் கூட்டிப் போர்த்த வேண்டும். பழைய ஃபைபரோடு புதியது சேரும் இடத்தில், அதன் கனத்தைப்போல் 12 மடங்கு நீளத்துக்குப் பழையதைச் சரிவாகத் தேய்த்துவிட்டு ஒட்டினால்தான் இணைப்பு நிற்கும்.

ரெசினில் ஒரு குழப்பம் உண்டு. பட்டறைகளில் அதிகம் புழங்குவது மலிவான பாலியெஸ்டர் ரெசின். முழு ஃபைபர் படகு வார்க்க அது போதும். ஆனால் பழைய மரத்தில், அதுவும் கொஞ்சம் ஈரம் இருந்தால், அதன் பிடிப்பு குறைவு. சில மாதங்களில் தோல் உரிவதுபோல் எழும்பி வரும். மரத்தை ஒட்டுவதற்கு எப்பாக்சிதான் நம்பகமானது. விலை அதிகம் என்பது உண்மை. பின்பலகைக்கு மட்டும் எப்பாக்சி, மற்ற இடத்துக்குப் பாலியெஸ்டர் என்று பிரித்துக்கொண்டால் செலவு கட்டுக்குள் நிற்கும். எப்பாக்சி வெயிலில் கெடும் என்பதால் மேலே பெயிண்ட் கட்டாயம்.

பாலியெஸ்டரில் வேலை செய்பவர்கள் மறக்கக் கூடாத எச்சரிக்கை ஒன்று: இறுக வைக்கும் இரண்டு திரவங்களையும், அதாவது முடுக்கியையும் வினையூக்கியையும், நேராக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. வெடித்துத் தீப்பிடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். வினையூக்கி ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம்.

உயரமும் கவனிக்க வேண்டியது. எஞ்சின்கள் 15 அங்குலப் பலகைக்கு ஒன்று, 20 அங்குலப் பலகைக்கு ஒன்று என இரண்டு நீளங்களில் வருகின்றன. ரிப்பேரில் பலகை உயர்ந்துவிட்டால் விசிறி காற்றை இழுத்து வீணாகச் சுழலும். தாழ்ந்துவிட்டால் எஞ்சின் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஓடும், கரையேறும்போது முதலில் மணலைக் குத்தும். விசிறிக்கு மேலே உள்ள தட்டைத் தகடு படகின் அடிப்பரப்புக்கு நேராக வருவதே சரியான அளவு.

எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு ஒரு கயிறு. எஞ்சினைப் பின்பலகையோடு சம்பந்தமில்லாத ஒரு குறுக்குச் சட்டத்தில் கட்டிவைத்தால், பலகை பிய்ந்தாலும் எஞ்சின் கடலின் அடிக்குப் போகாது. போல்ட்டு வந்த பிறகும் கயிற்றுக்கு வேலை இருக்கிறது.

காயாத காலம்

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் செய்வதில்லை? விடை காலண்டரில் இருக்கிறது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் ட்ராலர்களுக்குத் தடை. வெளிப்புற எஞ்சின் பொருத்திய நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. பெரிய படகுகள் ஒதுங்கிய கடலில் சிறியவர்கள் சம்பாதிக்கும் பருவம் அது. கடல் கொந்தளிப்பதும், கரையில் அலை கடுமையாக முறிவதும், மழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். பின்பலகையின் பலவீனம் வெளியே தெரிவது அப்போது. அந்த நேரத்தில் மரம் காயாது, ரெசின் சரியாகப் பிடிக்காது, படகைக் கரையில் போட்டுவைக்க யாருக்கும் மனம் வராது. உள்ளே ஒரு பலகை, நீளமாக நாலு போல்ட்டு என்று முடிந்துவிடுகிறது.

மரம் காய்வதற்கு ஏற்றது ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்கள். அப்போதோ பலகை ஒன்றும் சொல்வதில்லை. பழுது பேசும் காலமும், பழுது பார்க்க ஏற்ற காலமும் வேறு வேறாக அமைந்ததுதான் இந்தக் கரையின் சிக்கல். எனவேதான் தட்டிப் பார்க்கும் சோதனைக்கு அவ்வளவு மதிப்பு. பலகை தானாகச் சொல்லாத காலத்தில் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அவசரத்தில் கட்டிய படகு என்ன ஆகும் என்பதற்கும் அனுபவம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஆயிரக்கணக்கில் ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. தேவை பெருகியதும் புதுப்புதுப் பட்டறைகள் முளைத்தன. அவற்றில் பலவற்றின் தரம் மோசம் என்று மீன்பிடித் துறை நிபுணர்களே எச்சரித்தார்கள். மெல்லிய ஃபைபரையும் மட்டமான பிளைவுட்டையும் பெயிண்ட் மறைத்தது. கேரள கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1980-இல் வந்தது. பின்னர் வந்த திருத்தங்கள் படகு கட்டும் பட்டறைகளையும் பதிவு வளையத்துக்குள் கொண்டுவந்தன. புதிய படகுக்கு அது பயன்படும். கரையில் தென்னை மரத்தடியில் நடக்கும் ரிப்பேர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

விலையோ வெறும் பணமல்ல. அலை முறியும் இடத்தில் பின்பலகை பிய்ந்தால் எஞ்சின் நிற்கும், படகு குறுக்காகத் திரும்பும், கவிழும். வெளிக்கடலில் பிய்ந்தால், பின்புறத்தின் வழியே தண்ணீர் ஏறும். பாய் கொண்டுபோன காலத்தில் எஞ்சின் செத்தாலும் கரை சேர ஒரு வழி இருந்தது. பாயும் பாய்மரமும் போன பிறகு அந்த மாற்றும் போய்விட்டது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் பூந்துறை முதல் தூத்தூர் வரை இந்தக் கரையையே துக்கத்தில் ஆழ்த்தியது. கவிழ்ந்த படகின் மேல் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில், நாள்கணக்கில் மிதந்தவர்கள் சிலர் பிழைத்தார்கள். புயலை எந்தப் பலகையும் தடுக்காது. ஆனால் எஞ்சின் ஓடுகிறவரை அலைக்கு நேராக நிற்க முடியும். எஞ்சின் ஓட, அது மாட்டிய இடம் இருக்க வேண்டும்.

துறைமுகம் வந்தால்?

பொழியூரின் நெடுநாள் கோரிக்கை ஒரு மீன்பிடித் துறைமுகம். கேரள அரசின் 2024-25 பட்ஜெட்டில் இதன் தொடக்கக் கட்டத்துக்கு 5 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. கரையே சுருங்கிக்கொண்டு வருவதால் கோரிக்கையின் வேகமும் கூடியிருக்கிறது. பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே சாலையையும் வீடுகளையும் கடல் தின்றிருக்கிறது. மணல்வெளி குறுகினால் படகை மேலே இழுத்துவைக்க இடம் குறையும். பின்புறம் அலைக்கு எட்டும் தூரத்திலேயே கிடக்கும்.

துறைமுகம் வந்தால் மணலில் குத்தும் அடி நின்றுவிடும். பின்பலகைக்கு அது பெரிய விடுதலை. ஆனால் புதிய எதிரி ஒன்று காத்திருக்கிறது. எப்போதும் தண்ணீரில் நிற்கும் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு. கரையேறிக் காயும் படகை அது அண்டாது. மிதந்துகொண்டே நிற்கும் படகில் ஃபைபர் தோலில் ஒரு கீறல் இருந்தாலும் உள்ளே புகுந்துவிடும். கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மருந்தேற்றிய ரப்பர் மரத்தின்மேல் ஃபைபர் போர்த்திப் படகு கட்டிப் பார்த்ததற்கு ஒரு காரணம் இதுதான். கரைக்குக் கரை எதிரி மாறும். பராமரிப்பு மாறாது.

அதுவரை பொழியூர் படகுகள் மணலில்தான் இறங்கப் போகின்றன. மக்கிய பலகையை முறையாக மாற்ற ஒரு வாரமாவது படகு கரையில் கிடக்க வேண்டும். ஒரு வாரம் கடலுக்குப் போகாவிட்டால் படகை நம்பி நிற்கும் குடும்பங்கள் அத்தனையும் கையைப் பிசையும். விரிந்த துளையை மட்டும் அடைப்பதற்கோ இரண்டு வெயில் நாட்கள் போதும். முதல் நிலையிலேயே கண்டுபிடித்தவருக்கு இரண்டு நாள் இழப்பு, தள்ளிப்போட்டவருக்கு ஒரு வாரம், கண்டுகொள்ளாதவருக்கு எஞ்சினே இழப்பு. மழை தொடங்க மாதங்கள் இருக்கும்போதே பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு மரச்சுத்தியலை எடுத்துப் பின்பலகையைத் தட்டிப் பார்க்க ஆகும் நேரம் பத்து நிமிடம்.